கூடாரத்தில் எடுத்த பிரமாணம்

தென் பசிபிக் சமுத்திரத்தில், நியூசீலாந்துக்கு வடகிழக்கே நெடுந்தொலைவில், உபோலு, சவாயீ என்னும் இரண்டு பெரிய தீவுகளும் சில சிறு தீவுகளும் சேர்ந்து அமைந்தது சமோவா நாடு. எரிமலைகள் எழுப்பிய நிலம் அது. அப்பியா அதன் தலைநகர். குடிகள் இரண்டு இலட்சத்தைச் சற்றே கடந்தவர்கள். நம் நாட்டில் ஒரு நடுத்தர நகரத்தின் ஜனத்தொகை என்று சொல்லலாம். ஆயினும் 2021 ஆம் ஆண்டில், தேர்தல் நடந்த நாள் தொட்டு நாற்பத்தைந்து நாட்களுக்குள் அச்சிறு நாடு கண்ட சோதனையைப் பெரிய குடியரசுகள் பலவும் கண்டதில்லை. அச்சோதனையின் நடுவில் நின்றவர் ஓர் அம்மையார். அவர் ஃபியாமே நயோமி மத்தாஃபா. அவருடைய பாராளுமன்ற வாழ்க்கையைப் பற்றி இன்று சிறிது நேரம் சிந்திப்போம்.

முதலில் அவர் பெயரைப் பற்றி ஒரு சொல். நயோமி என்பதுதான் அவருக்கு இட்ட பெயர். மத்தாஃபா என்பது தந்தை வழி வந்தது. முன்னால் நிற்கும் ஃபியாமே என்பது பெயரன்று, பட்டம். சமோவாவில் குடும்பம் என்பது தாய் தந்தை மக்களோடு நின்றுவிடுவதில்லை. பல கிளைகளும் உறவின் முறையாரும் அடங்கிய பெருங்கூட்டம் அது. அக்கூட்டத்துக்குத் தலைவராக உறவினர் கூடித் தேர்ந்தெடுக்கும் ஒருவருக்குப் பட்டம் சூட்டப்படுகிறது. அவ்வாறு பட்டம் பெற்றவரை மத்தாய் என்பர். குடும்பத்தின் நிலத்தைக் காப்பவரும், ஊர்ச்சபையில் குடும்பத்துக்காகப் பேசுபவரும் அவரே. நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இன்றும் இத்தகைய குடும்பப் பொது நிலம். அதை விற்கவோ வாங்கவோ இயலாது. ஆகவே மத்தாய்ப் பட்டம் வெறும் அலங்காரம் என்று எண்ணலாகாது. அது சோற்றையும் சொல்லையும் ஒருங்கே கையில் வைத்திருக்கும் பதவி.

பாராளுமன்றத்துக்குப் போட்டியிட வேண்டுமானாலும் இந்தப் பட்டம் வேண்டும். 1990 ஆம் ஆண்டு வரை, மிகச் சில இடங்கள் நீங்கலாக, வாக்களிக்கும் உரிமையும் பட்டம் உடையவர்க்கே இருந்தது. அவ்வாண்டு நடந்த பொது வாக்கெடுப்பில், சிறு பெரும்பான்மையால்தான், இருபத்தொரு வயது நிரம்பிய எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்தது. வாக்களிப்பவர் யாராயினும் வேட்பாளர் மத்தாயாகவே இருக்க வேண்டும் என்ற விதி அப்படியே நின்றது. பட்டம் பெற்றவர்களில் பெண்கள் பத்தில் ஒரு பங்கை ஒட்டியே இருக்கிறார்கள். பெண்ணுக்குப் பட்டமே அளிக்காத ஊர்களும் உண்டு. பெண்கள் நிற்கக்கூடாதென்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் வாயிற்படிக்கு முன்னால் இன்னொரு வாயிற்படி இருந்தது.

நயோமி அம்மையார் பிறந்தது 1957 இல். அவருக்கு இரண்டு வயது நிரம்பிய 1959 இல் தந்தை, ஃபியாமே மத்தாஃபா ஃபவுமுயினா முலினூ, நாட்டின் முதல் பிரதம மந்திரியானார். அப்போது சமோவா நியூசீலாந்தின் பொறுப்பில் ஐக்கிய நாடுகள் சபையின் கண்காணிப்புக்கு உட்பட்டிருந்தது. 1960 இல் அரசியல் சட்டம் எழுதப்பட்டது. 1961 இல் மக்கள் வாக்களித்து அதனை ஏற்றனர். 1962 ஜனவரி முதல் நாள் நாடு சுதந்திரம் பெற்றது. அந்தச் சட்டம் பிறந்த காலத்தில் நாட்டை நடத்தியவரின் வீட்டில் வளர்ந்தவர் இந்த அம்மையார். பின்னால் நடந்தவற்றைக் கேட்கும்போது இதை மறவாமல் இருப்பது நலம். 1975 இல் தந்தை பதவியில் இருக்கும்போதே காலமானார். அவருக்குப் பின் தாயார் லாவுலு ஃபெத்தாவுயிமாலேமாவு அம்மையாரும் பாராளுமன்றத்தில் அமர்ந்தார். பிற்காலத்தில் நியூசீலாந்தில் தம் நாட்டின் ஹை கமிஷனராகவும் பணிபுரிந்தார்.

தந்தை மறைந்தபோது மகளுக்குப் பதினெட்டு வயது. நியூசீலாந்தில் வெல்லிங்டன் நகரத்துச் சர்வகலாசாலையில் படித்துக்கொண்டிருந்தவரைக் குடும்பப் பட்டத்தைப் பற்றிய வழக்கு ஊருக்கு இழுத்து வந்தது. சமோவாவில் நிலத்தையும் பட்டத்தையும் பற்றிய தகராறுகளைத் தீர்ப்பதற்கென்றே நிலப் பட்டக் கோர்ட்டு ஒன்று உண்டு. பட்டத்துக்கு உரிமை கோரிய உறவினர் பலர், வயதில் மூத்தவர்கள், ஆடவர்கள். 1970 களின் பிற்பகுதியில் அந்தக் கோர்ட்டு ஃபியாமே பட்டத்தை இளம்பெண்ணான இவருக்கே வழங்கியது. உபோலுவின் தென்கரையில் உள்ள லொத்தோஃபாகா அவருடைய ஊர். படிப்பு நின்றது, அரசியல் தொடங்குவதற்கு வேண்டிய தகுதி வந்து சேர்ந்தது.

1985 இல் அதே லொத்தோஃபாகா தொகுதியிலிருந்து பாராளுமன்றம் புகுந்தார். ஒரு பெண் அந்த மன்றத்துக்கு முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதே 1970 இல்தான் என்பதையும் சொல்ல வேண்டும். 1991 இல் சர்வஜன வாக்குரிமையின்படி நடந்த முதல் தேர்தலுக்குப் பின் கல்வி மந்திரியானார். சமோவாவின் மந்திரிசபையில் பெண் ஒருவர் இடம் பெற்றது அதுவே முதல் தடவை. பதினைந்து ஆண்டுகள் கல்வி, பிறகு பெண்கள், சமூக நலம், பிறகு நீதி, 2016 இல் உதவிப் பிரதமர். மனித உரிமைப் பாதுகாப்புக் கட்சி என்பது அவர் சார்ந்த கட்சியின் பெயர். 1980 களின் தொடக்கம் முதல் சிறிது காலம் நீங்கலாக நாட்டை ஆண்டுவந்த கட்சி அது. 1998 முதல் அதன் தலைவராகவும் பிரதமராகவும் இருந்தவர் துயிலயேப்பா. இவ்வளவு நீண்ட ஆட்சியில் முப்பது ஆண்டுக்காலம் பங்கு கொண்டவர் அதன் குறைகளிலும் பங்குடையவரே என்று அம்மையாரைப் பற்றி விமரிசனம் உண்டு. அது நியாயமான விமரிசனமே.

2020 இல் துயிலயேப்பாவின் அரசாங்கம் மூன்று மசோதாக்களைக் கொண்டு வந்தது. நிலப் பட்டக் கோர்ட்டைத் தனித்ததொரு நீதித் துறையாக்கி, அதற்கென்று மேல் முறையீட்டு அமைப்பையும் ஏற்படுத்தி, அதன் தீர்ப்புக்களை நாட்டின் சுப்ரீம் கோர்ட்டு பரிசீலிக்கும் அதிகாரத்தை நீக்குவதே அவற்றின் சாரம். அரசாங்கம் கூறிய காரணத்தை எளிதாகத் தள்ளிவிடுவதற்கில்லை. அரசியல் சட்டம் தனிமனிதனின் உரிமைகளைப் பேசுகிறது. ஊர்ச்சபையோ குடும்பத்தின், ஊரின் உரிமைகளைப் பேசுகிறது. வெளிநாட்டுச் சட்டப் பழக்கத்தில் வளர்ந்த நீதிபதிகளுக்கு ஊர் வழக்கம் புரிவதில்லை என்றனர். ஆனால் அதன் மறுபக்கமும் உண்டு. ஊர்ச்சபை ஒரு குடும்பத்தை ஊரை விட்டு விலக்கி வைத்தால், அக்குடும்பம் போய் முறையிடுவதற்கு இருந்த கடைசி வாயில் சுப்ரீம் கோர்ட்டுத்தான். அந்த வாயில் இனி இருக்காது. நீதிபதிகள் மறுப்புத் தெரிவித்தனர். வழக்கறிஞர் சங்கம் எதிர்த்தது.

இங்கேதான் நயோமி அம்மையாரின் நிலை நம் கவனத்தை ஈர்க்கிறது. அவருக்குப் பட்டம் வழங்கியதே அந்த நிலப் பட்டக் கோர்ட்டு. ஊர் வழக்கத்தின் வழியாக ஏறி வந்தவர் அவர். வழக்கத்தை இகழ்ந்து பேச அவருக்குக் காரணமில்லை. ஆயினும், ஒரு கோர்ட்டைச் சட்டத்தின் எட்டாத உயரத்தில் வைப்பது வழக்கத்தைக் காப்பதாகாது என்று அவர் கருதினார். 2020 செப்டம்பரில் உதவிப் பிரதமர் பதவியையும் மந்திரி பதவியையும் துறந்தார். அப்போது அவருக்கு அறுபத்து மூன்று வயது. பொறுத்திருந்தால் பிரதமர் பதவி தானாக வந்திருக்கக்கூடும் என்று நினைத்தவர்கள் இருந்தனர். டிசம்பரில் மசோதாக்கள் சட்டமாயின.

அதே ஆண்டில் லாவுலி என்பவர் ஒரு புதுக்கட்சியைத் தோற்றுவித்திருந்தார். கடவுளிடத்து நம்பிக்கையும் சமோவாவின் ஒற்றுமையும் என்பது அதன் பெயரின் கருத்து. சுருக்கமாக ஃபாஸ்ட் கட்சி என்று அழைக்கப்பட்டது. 2021 மார்ச்சில் நயோமி அம்மையார் அதன் தலைவரானார். அடுத்த மாதம் 9 ஆம் தேதி தேர்தல்.

இக்கட்சிக்கு நிதியும் ஊக்கமும் அளித்தவர்களில் பெரும்பகுதியினர் கடல் கடந்து வாழும் சமோவர்கள். நியூசீலாந்தில் மட்டும் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட சமோவர்கள் உள்ளனர். ஆஸ்திரேலியாவையும் அமெரிக்காவையும் சேர்த்தால், நாட்டில் இருப்பவர்களைக் காட்டிலும் வெளியே இருப்பவர்களே மிகுதி. மாதந்தோறும் அவர்கள் அனுப்பும் பணத்தில் ஊரில் வீடுகள் எழும்புகின்றன, கோயில்கள் எழும்புகின்றன, பிள்ளைகள் படிக்கின்றனர். ஆனால் வாக்களிக்க வேண்டுமானால் ஊரில் வந்து நிற்க வேண்டும். அந்த ஆண்டு கொள்ளை நோயின் காரணமாக எல்லைகள் மூடப்பட்டிருந்தன. ஆகவே அவர்கள் கைத்தொலைபேசியின் சிறு திரையில் தங்கள் நாட்டின் தேர்தலைப் பார்த்துக்கொண்டிருந்தனர். பிழைப்பு ஓரிடத்திலும் பெயர் ஓரிடத்திலும் என்று வாழும் நிலையை நம் நேயர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை.

தேர்தல் முடிவு இவ்வாறு வந்தது: பழைய கட்சிக்கு 25, புதிய கட்சிக்கு 25, சுயேச்சை ஒருவர். ஆக மொத்தம் 51. அந்த ஒருவர் எந்தப் பக்கம் சாய்கிறாரோ அந்தப் பக்கம் ஆட்சி. நாடு அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்த வேளையில் ஒரு புதுமை நிகழ்ந்தது.

சமோவாவின் அரசியல் சட்டத்தில் 2013 இல் ஒரு திருத்தம் சேர்க்கப்பட்டிருந்தது. பாராளுமன்றத்தில் பெண்கள் குறைந்தது நூற்றுக்குப் பத்துப் பேராவது இருக்க வேண்டும். தேர்தலில் அத்தொகை தேறவில்லையானால், தோற்ற பெண்களில் மிகுதியாக வாக்குப் பெற்றவருக்குக் கூடுதல் இடம் தந்து நிறைவு செய்ய வேண்டும் என்பது அதன் கருத்து. நல்ல எண்ணத்தோடு செய்த திருத்தம். அப்போது மன்றத்தில் 49 இடங்கள். அதில் பத்தில் ஒன்று 4.9, ஆகவே ஐந்து பெண்கள் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டனர். பின்னர் இடங்கள் 51 ஆயின. பத்தில் ஒன்று 5.1 ஆயிற்று. ஐந்து என்ற சொல்லோ சட்டத்தில் அப்படியே இருந்தது. 2021 இல் வென்ற பெண்கள் ஐவர். நயோமி அம்மையார் அவ்வைவரில் ஒருவர். நூற்றுக்குப் பத்து என்று கொண்டால் இன்னும் ஒரு பெண்ணில் பத்தில் ஒரு பங்கு குறைகிறது. ஐந்து என்று கொண்டால் கணக்குச் சரி. தேர்தல் கமிஷனர் முந்தையதைக் கொண்டார். ஏப்ரல் 20 ஆம் தேதி, பழைய கட்சியைச் சேர்ந்த ஓர் அம்மையாருக்குக் கூடுதல் இடம் அளித்தார். மறுநாள் சுயேச்சை உறுப்பினர் புதிய கட்சியில் சேர்ந்தார். 26 க்கு 26. பெண்களை மன்றத்துக்குக் கொண்டு வருவதற்காக ஏற்பட்ட விதி, நாட்டின் முதல் பெண் பிரதமரைத் தடுப்பதற்குப் பயன்பட்டது.

சட்ட வாசகங்களை மொழிபெயர்த்துப் பழகிய நம்மைப் போன்றோர்க்கு இந்த வழக்கில் தனிச் சுவை உண்டு. எண்ணையும் விகிதத்தையும் ஒரே வாக்கியத்தில் வைத்தால் என்றேனும் ஒரு நாள் அவை இரண்டும் சண்டையிடும். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கும் நம் நாட்டின் 2023 ஆம் ஆண்டுத் திருத்தத்தில், இயன்ற அளவு மூன்றில் ஒன்றுக்கு நெருங்கியதாக என்ற பொருள்பட ஒரு தொடர் வருகிறது. படிப்பவர்க்கு அது தயக்கமாகத் தோன்றலாம். சமோவாவின் கதையைக் கேட்டவர்களுக்கு அத்தொடரின் அருமை விளங்கும்.

இழுபறியைக் காரணம் காட்டி, நாட்டின் தலைவர் தேர்தலையே இரத்துச் செய்து, மே 21 இல் மறுதேர்தல் என்று அறிவித்தார். மே 17 இல் சுப்ரீம் கோர்ட்டு இரண்டையும் தள்ளியது. கூடுதல் இடம் செல்லாது. மறுதேர்தல் அறிவிப்பும் செல்லாது. தேர்தல் நடந்து 45 நாட்களுக்குள் பாராளுமன்றம் கூட வேண்டும் என்பது அரசியல் சட்டம். நாற்பத்தைந்தாம் நாள் மே 24, திங்கட்கிழமை. சனிக்கிழமை இரவு, மன்றம் கூடுவதை நிறுத்தி வைப்பதாகத் தலைவரிடமிருந்து உத்தரவு வந்தது. ஞாயிற்றுக்கிழமை சமோவாவில் எந்தப் பணியும் நடவாது. கோயிலுக்குச் செல்வதும் குடும்பத்தோடு உண்பதுமே அன்றைய வேலை. அந்த ஞாயிற்றுக்கிழமையில் நீதிபதிகள் கூடி அவ்வுத்தரவு செல்லாது என்றனர்.

திங்கட்கிழமை காலை முலினூவில் உள்ள பாராளுமன்றக் கட்டிடத்துக்குப் புதிய உறுப்பினர்கள் வந்தனர். கதவுகள் பூட்டியிருந்தன. சபாநாயகரின் ஏற்பாடு அது. பிரதம நீதிபதி தம் அங்கியோடும் பொய்ம்முடியோடும் நடந்து வந்து, கதவு பூட்டியிருப்பதைக் கண்டு திரும்பினார். கூட்டம் புல்வெளியில் காத்திருந்தது, பாடிற்று, பிரார்த்தனை செய்தது. யாரும் கதவை உடைக்கவில்லை. இந்த ஒரு செய்தியைத் தனியே நினைவில் நிறுத்த வேண்டும் என்பது நம் கருத்து. பெரும்பான்மை கையில் இருக்கிறது, தீர்ப்புக் கையில் இருக்கிறது, எதிரே ஒரு பூட்டு. மாலையில், கட்டிடத்துக்கு முன்னால் அமைத்த கூடாரத்தில் நயோமி அம்மையாரும் அவருடைய உறுப்பினர்களும் பிரமாணம் எடுத்துக்கொண்டனர். நாள் முடியும் முன் கெடு நிறைவேறிவிட்டது.

அது பிரமாணமே அன்று, நாடகம் என்றார் துயிலயேப்பா. இரண்டு மாதம் நாட்டில் பிரதமர் இருவர் இருந்தனர் என்றே சொல்லலாம். ஜூலை 23 ஆம் தேதி அப்பீல் கோர்ட்டு தீர்ப்பளித்தது: கதவு அடைபட்ட நிலையில் அதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை, கூடாரத்தில் எடுத்த பிரமாணம் செல்லும், மே 24 முதல் இவர்களே அரசாங்கம். சில தினங்களில் துயிலயேப்பா பதவியை விட்டார். பெண்களின் எண்ணிக்கையைப் பற்றி முன்னரே அந்தக் கோர்ட்டு, ஆறு பேர் என்பதே சரி, ஆனால் தேர்தல் வழக்குகளும் இடைத்தேர்தல்களும் முடிந்த பின்பே கணக்கிட வேண்டும் என்று கூறியிருந்தது. தேர்தல் கமிஷனரின் கணக்கில் தவறில்லை, அவசரத்தில்தான் தவறு.

இவ்விடத்தில் கதையை நிறுத்திவிட்டால் அழகாக இருக்கும். ஆனால் 2021 செப்டம்பரில் மன்றம் முறைப்படி கூடியபோது, புதிய அரசாங்கத்தை ஏற்க மறுத்த பழைய கட்சி உறுப்பினர்கள் வளாகத்துக்குள் விடப்படாமல் போலீசாரால் தடுக்கப்பட்டனர். அப்போது சபாநாயகர் புதிய கட்சியைச் சேர்ந்தவர். சுப்ரீம் கோர்ட்டு தலையிட்ட பின்பே அவர்கள் பிரமாணம் எடுத்தனர். பூட்டிய கதவுக்கு வெளியே நின்றவர்கள் நான்கு மாதத்துக்குள் வாயிலை மறித்தது வருந்தத்தக்கது. தீர்ப்பு வந்ததும் அதற்குப் பணிந்தார்கள் என்பதையும் உடன் சொல்லத்தான் வேண்டும்.

பிரதமராக அவர் செய்தவற்றுள் பலராலும் பேசப்பட்டது, சீனக் கடனுதவியோடு வைஉசு விரிகுடாவில் கட்டவிருந்த துறைமுகத் திட்டத்தைக் கைவிட்டது. சீனத்தோடு பகையில்லை, கடன்தான் பளு என்பது அவர் வாதம். சிறு தீவு நாடுகளின் கூட்டமைப்புக்கு 2023, 2024 ஆம் ஆண்டுகளில் சமோவா தலைமை ஏற்றது. 2024 அக்டோபரில் காமன்வெல்த் நாடுகளின் தலைவர்கள் அப்பியாவில் கூடினர். பசிபிக் தீவு நாடொன்றில் அம்மாநாடு நடந்தது அதுவே முதல் தடவை.

அடுத்த ஆண்டு தொடங்கியதுமே வீடு பிளந்தது. கட்சியைத் தோற்றுவித்த லாவுலி மீது போலீசார் குற்றச்சாட்டுகள் பதிவு செய்தனர். அவர் அவற்றை மறுத்தார். 2025 ஜனவரியில் அம்மையார் அவரை மந்திரி பதவியிலிருந்து நீக்கினார். கட்சி அம்மையாரை நீக்கியது. தலைவர் கட்சி இல்லாத பிரதமரானார். பழைய கட்சி ஒரு புறம், சொந்தக் கட்சியின் பெரும்பகுதி மறு புறம். பிப்ரவரி 25 இல் துயிலயேப்பா நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டு வந்தார். ஆதரித்தவர் 15 பேர். மார்ச் 6 இல் லாவுலி கொண்டு வந்தார். ஆதரித்தவர் 19 பேர். ஒருவர் தீர்மானத்தை மற்றவர் ஆதரிக்கவில்லை. அந்த இடைவெளியில் அம்மையாரின் ஆட்சி நின்றது. மே 27 இல் வரவு செலவுத் திட்டம் வாக்குக்கு வந்தபோது எதிர்த்தவர் 34 பேர். பதினைந்தையும் பத்தொன்பதையும் கூட்டிப் பார்த்தால் விடை கிடைக்கும்.

பாராளுமன்றத்தைக் கலைக்கச் செய்து மக்களிடம் சென்றார். சமோவா ஒற்றுமைக் கட்சி என்ற பொருள்படும் பெயரில் ஒரு கட்சி அமைத்தார். ஆகஸ்டு 29 இல் நடந்த தேர்தலில் லாவுலியின் கட்சி 30 இடங்களைப் பெற்றது, பழைய கட்சி 14, சுயேச்சைகள் 4, அம்மையாரின் கட்சி 3. செப்டம்பரில் லாவுலி பிரதமரானார். மந்திரிசபைக்குள் அவர் காட்டிய உறுதி வாக்காளர்களை ஈர்க்கவில்லை. விலைவாசியும், அவ்வாண்டு மார்ச்சில் உபோலுவில் அவசர நிலை அறிவிக்க நேர்ந்த மின்சாரத் தட்டுப்பாடும் அவர்கள் மனத்தில் இருந்தன. அதைக் குறை சொல்வதற்கில்லை.

தேர்தல் முடிந்தது. எந்தக் கதவும் பூட்டப்படவில்லை. கூடாரம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. வென்ற மூன்று இடங்களில் ஒன்று லொத்தோஃபாகா. 1985 இல் தம்மை முதன்முதலாக அனுப்பிய அத்தொகுதியின் உறுப்பினராக, நாற்பது ஆண்டுகளுக்குப் பின், அம்மையார் புதிய மன்றத்துக்குச் சென்றார்.